உள்ளுக்கு ஆள் இருக்கு

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைத் தெய்வத்தாய் என்று உருகிக் கதைக்கக் கூடாது. என் மகன் யதுசனுக்கு ஓட்டிசம் என்று டொக்டர் சொன்ன அன்று நான் அழவில்லை. டொக்டரோடு சண்டை பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அவனுக்கு இப்போது ஏழு வயது. ஒரு சொல் பேசமாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். சுற்றுகிற ஃபானைப் பார்த்து வாய் நிறையச் சிரிப்பான், என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஏழு வயதிலும் அவனுக்கு இடுப்பில் நப்பிதான், எங்கும் நனைத்துவிடுவான்.

போன புரட்டாதியில் ஒரு பள்ளிக்கூடத்தின் விசேட வகுப்பில் இடம் கிடைத்தது. அது மூன்றாவது பள்ளிக்கூடம். முதல் இரண்டும் வாசலிலேயே இல்லை என்றுவிட்டன. இங்கே அதிபர் அம்மா எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தார். நல்லவர்தான். ஆனால் தேத்தண்ணி முடிகிற நேரத்தில் சொன்னார்.

"பிள்ளையை எடுக்கிறம், அம்மா. ஆனா நனைக்கிற பிள்ளையை எடுக்கேலாது. பன்ரண்டு பிள்ளையளுக்கு ரெண்டு ரீச்சர்மார்தான் இருக்கினம். தை பிறக்கிறதுக்கிடையிலை பழக்கிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி இடம் அடுத்த பிள்ளைக்குப் போயிடும்."

இதுவும் கைவிட்டுப் போனால் அவன் காலம் முழுக்க எங்கள் விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஃபானைப் பார்த்து நிற்கவேண்டியதுதான். பிறகு அவனுக்கு யாரும் கதவு திறக்கப்போவதில்லை. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

உதவிக்குத் தனுசியா வந்தாள். சிறுவர் நிலையமொன்றில் வேலை செய்கிற பிள்ளை, வயது இருபத்தைந்து இருக்கும். ஸ்கூட்டியில் கிழமைக்கு இரண்டு முறை உடுவிலில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருவாள். படம் கீறின ஆறு அட்டைகளை ஒரு நாடாவில் தைத்துத் தந்தாள். கதவு, காற்சட்டை கழற்றுவது, குந்துவது, தண்ணீர் வார்த்துக் கழுவுவது, காற்சட்டை போடுவது, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொண்டுபோக வேண்டும், ஒரே சொல்லை ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும், நனைத்தால் ஏசக் கூடாது, கொப்பியில் நேரம் குறிக்க வேண்டும். ஏசக் கூடாது என்பதைத்தான் என்னிடம் மூன்றுதரம் சொன்னாள். ஆளைப் பார்த்தே எடை போட்டுவிட்டாள்.

வீட்டுக்குள் இருக்கிற பாத்ரூம் சரிவரவில்லை. கொமட்டில் இருத்தினால் கால் தொங்கும், அலறுவான். தண்ணீரைத் திறந்துவிட்டால் அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை அடிப்பான். இரண்டு கிழமை இப்படிப் போயிற்று. ஒருநாள் தனுசியா பின்வளவுக்குப் போய்விட்டு வந்தாள்.

"அக்கா, உது என்ன, வேலிக்கரையிலை பூட்டிக் கிடக்கு?"

"பழைய கக்கூசு. பாம்பு கிடக்கும்."

"பாம்பைக் கலைக்கலாம். குந்திற கக்கூசுதானே? கால் ரெண்டும் நிலத்திலை நிக்கும், இவனுக்குப் பயம் வராது. வாளியாலை தண்ணி ஊத்தினால் சத்தமும் இல்லை. உதைத் திறந்து பாப்பம்."

"உது வேண்டாம், தங்கச்சி."

"ஏன் அக்கா?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். என் கணவர் வாகீசன்தான் அவளைத் தெருப் படலைவரை கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். தொண்ணூற்றாறாம் ஆண்டு என் அண்ணை சுபாஸ்கரனை அதற்குள் இருந்துதான் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணைக்கு வயது பத்தொன்பது. பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை. அன்று பின்னேரமே அப்பா அதில் ஆமைப்பூட்டுப் போட்டார். இந்த வீடு எனக்குச் சீதனமாக வந்தபோது பூட்டோடுதான் வந்தது. வாகீசனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சம் யாருக்கும் தெரியாது.

இரவெல்லாம் யோசித்தேன். காலையில் பார்த்தால் யதுசன் நனைந்த பாயில் இருந்து ஃபானைப் பார்த்துச் சிரிக்கிறான். எனக்குக் கோபம் வந்தது. அவனில் இல்லை, அந்தப் பூட்டில். சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் நானே உடைத்தேன்.

இருபத்தெட்டு வருடம் பூட்டிக் கிடந்த இடத்தில் என்ன இருக்கும்? பாம்புச் செட்டை, எட்டுக்கால் பூச்சி, அள்ளுகிற நாற்றம். மூக்கைச் சேலைத்தலைப்பால் கட்டிக்கொண்டு தும்புத்தடியோடு போனேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு சிலந்தி வலைகூட இல்லை. கக்கூசுக் கோப்பை வெள்ளையாக இருந்தது. நிலத்தில் தூசி இல்லை. நாலு பேர் வந்து போகிற இடம்போல அது சாதாரணமாக இருந்தது. தகரக் கதவின் கீழ்ப்பக்கம் மட்டும் சப்பாத்துக் காலால் உதைத்த பள்ளம் அப்படியே இருந்தது. உள்பக்கம் கொண்டி அந்தக் கதவுக்கு எப்போதுமே இருந்ததில்லை. உள்ளே இருந்து கதவைச் சாத்தலாம், பூட்ட முடியாது. எதற்கும் புளீச்சிங் பவுடர் போட்டு உரஞ்சினேன், வாளியும் தண்ணீர் வார்க்க ஒரு பேணியும் வைத்தேன்.

முதல்நாள் காலை ஏழு மணி. அட்டைநாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு யதுசன் தானாகவே நடந்தான். எனக்கு அதுவே பெரிய காரியமாக இருந்தது. கதவுக்கு மூன்று அடி முன்னால் நின்றான். நின்று, செருமினான்.

தொண்டையில் சளி இருந்து செருமுகிற செருமல் இல்லை அது. வெளிக் கக்கூசு இருக்கிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளங்கும். கொண்டி இல்லாத கதவுக்கு வெளியே நின்று ஒருமுறை செருமவேண்டும். உள்ளே ஆள் இருந்தால் அவர் பதிலுக்குச் செருமுவார். சத்தம் இல்லாவிட்டால் போகலாம். வாய்விட்டுக் கேட்கிற வெட்கம் இல்லை, கதவைத் தட்டுகிற வேலை இல்லை. எங்களுக்கு நடக்கப் பழக்கும்போதே இதையும் பழக்கிவிடுவார்கள். ஆனால் யதுசன் பிறந்த வீட்டில் பாத்ரூமுக்குக் கொண்டி இருக்கிறது. இதை அவனுக்கு யாரும் காட்டியதில்லை.

செருமிவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்டான். ஏழு வருடமாக நான் கத்தினாலும் கேட்காத பிள்ளை, காதைக் கொடுத்துக் கேட்டான். பிறகு பின்னுக்கு வந்து, அங்கே நிற்கிற தேசிமரத்தடியில் நின்றுகொண்டான். கையைக் கட்டிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, முறைக்கு நிற்கிற ஆளைப்போல நின்றான்.

"வா அப்பன், கக்கூசுக்குப் போவம்," என்றேன். அசையவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். அட்டையில் இருந்த கதவுப் படத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு மறுபடியும் தேசிமரத்தடிக்குப் போனான். பத்து நிமிடத்தில் அங்கேயே நனைத்தான். கொப்பியில் நேரம் குறித்தேன்.

அப்படியே பதினெட்டு நாள். ஒவ்வொரு அரை மணித்தியாலமும் நடப்பான், செருமுவான், கேட்பான், காத்து நிற்பான், நனைப்பான். தனுசியா வந்து பார்த்துச் சந்தோசப்பட்டாள்.

"அக்கா, அவன் காத்து நிக்கிறான். இது சின்ன விசயம் இல்லை. ஆர் செருமப் பழக்கினது?"

"ஆரும் பழக்கேல்லை."

"ஆரோ பழக்கியிருக்கினம். இந்தப் பிள்ளையள் பாக்காததைச் செய்யமாட்டினம். வாகீசன் அண்ணையை ஃபோனிலை வீடியோ எடுக்கச் சொல்லுங்கோ, பாப்பம்."

வாகீசன் அடுத்தநாள் எடுத்தார். எடுத்துக் குசினிக்குள் கொண்டுவந்து காட்டினார்.

"இஞ்சை பாரும். நீர்தான் முதல் செருமுறீர். உம்மைப் பாத்துத்தான் அவன் செருமுறான்."

நான் நம்பவில்லை. அந்தக் கதவடியில் நான் வாயே திறப்பதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் ஃபோனில் இருந்தது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு கதவடிக்கு வருகிற நான், வாயை மூடியபடி, தொண்டைக்குள்ளால் ஒருமுறை செருமுகிறேன். முகத்தில் அதைப் பற்றிய ஒரு நினைப்பும் இல்லை. பிறகு யதுசன் செருமுகிறான். அதற்குப் பிறகு காகம் கத்துகிறது, எங்கேயோ ஒரு மோட்டர் ஓடுகிறது.

"பிறகு ஒண்டு கேக்குது," என்றார் வாகீசன். "மூண்டாவது செருமல். அது நான் இல்லை."

"பக்கத்து வளவிலை ஆரும் செருமியிருப்பினம்."

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்," என்று ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்து வளவுக்காரர் கனடாவுக்குப் போய்ப் பதினாறு வருடம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் எனக்குப் பொறுமை அறுந்துவிட்டது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, வளவில் ஒரு இலை ஆடவில்லை. யதுசன் செருமிவிட்டுத் தேசிமரத்தடிக்குத் திரும்பினான். "உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையடா, விசரா, பார்," என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினேன். ஒரு விரற்கடை உள்ளே போயிற்று. பிறகு நின்றது. நான் இன்னும் தள்ளினேன். அது மெதுவாக, கோபமில்லாமல், என்னைத் திரும்பத் தள்ளிச் சாத்திக்கொண்டது. கொண்டி இல்லாத கக்கூசில் குந்தியிருக்கிறவர் கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொள்வார், அதுதான் அந்தக் கனம். சின்ன வயதில் நூறுமுறை அப்படித் தள்ளியிருக்கிறேன், அண்ணை நூறுமுறை அப்படிப் பிடித்திருக்கிறார்.

நான் திரும்பினேன். யதுசன் தொடையை இறுக்கிக்கொண்டு, முழங்காலை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றான். காற்சட்டை நனைந்து, காலால் வழிந்து, தேசிமரத்து மண்ணில் ஊறியது. அவன் அழவில்லை. நான்தான் மண்ணில் இருந்து அழுதேன், ஏனென்றால் அந்த இடத்தில் அப்படி நின்று நனைத்த முதல் பிள்ளை அவன் இல்லை.

அது நான். எனக்கு எட்டு வயது. அப்பா தோட்டத்தில், அம்மா சந்தையில். துவக்கோடு நாலு பேர் வந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் காலத்தில் துவக்கு வைத்திருந்த எல்லாரும் ஒரே மாதிரித்தான் படலையைத் தட்டினார்கள். அண்ணை பின்பக்கத்தால் ஓடும்போது என் தலையைப் பிடித்துச் சொன்னார்.

"உதயா, வாயைத் திறக்காதை. என்ன கேட்டாலும் திறக்காதை."

நான் திறக்கவில்லை. கேட்டார்கள், வெருட்டினார்கள், ஒருவன் இனிப்புக்கூடத் தந்தான். நான் வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். வீடு முழுக்கக் கிண்டினார்கள். யாரும் இல்லை என்று திரும்பிவிட்டார்கள், மூன்று பேர் படலையைத் தாண்டியும் விட்டார்கள். நாலாவது ஆள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றான். அவ்வளவு நேரமும் பயத்தில் எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம் அடக்கும்? கால் தானாகக் கக்கூசடிக்குப் போயிற்று. கதவுக்கு முன்னால் நின்று, பழக்கத்தில், செருமினேன்.

அண்ணையும் பழக்கத்தில் செருமினார்.

கிணற்றடியில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. அவர்கள் கதவை உதைத்தபோது நான் தேசிமரத்தடியில் நின்று நனைத்துக்கொண்டிருந்தேன்.

யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அம்மா நம்பினார். சாகும்வரை வெள்ளிக்கிழமைகளில் வைரவருக்குக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, "காட்டிக் குடுத்த வயித்திலை பிறக்கிறது வாய் திறக்கக்கூடாது" என்று சாபம் போடுவார். தேங்காயை எடுத்துக் கொடுப்பது நான். ஒருநாளாவது, அம்மா, அது நான்தான் என்று சொல்லவில்லை. என் பிள்ளைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வராதபோது டொக்டர் ஆயிரம் விளக்கம் சொன்னார். யாருடைய பிழையும் இல்லை என்றார். நான் அவரோடு சண்டை பிடித்தது அதற்குத்தான். யாருடைய பிழை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மார்கழி பதினெட்டு. லீவு விடமுன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார் அதிபர் அம்மா, அதற்கு மூன்று நாள்தான் இருந்தது. கொப்பி முழுக்க நனைந்த நேரங்கள்தான்.

யதுசனைக் கழுவி உடுப்பு மாற்றினேன். தண்ணீர் நிறையக் குடிக்கக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் ஆனது. மறுபடியும் நடந்தோம். இந்த முறை நான் என் தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தேன். செருமவில்லை, சத்தியமாகச் செருமவில்லை. யதுசன் செருமினான். தலையைச் சரித்தான். உள்ளிருந்து வந்தது. இந்த முறை எனக்கும் கேட்டது. பத்தொன்பது வயதுத் தொண்டை, கொஞ்சம் கரகரத்து.

யதுசன் தேசிமரத்தடிக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டான். வேறு நேரமென்றால் ஓடியிருப்பேன். ஆனால் மூன்று நாள்தான் இருந்தது, அவனோ முழங்காலை ஒட்டத் தொடங்கிவிட்டான்.

தகரத்தில் வாயை வைத்துச் சொன்னேன்.

"அண்ணை, நான் உதயா. அவங்கள் போயிட்டாங்கள். படலையடியிலை ஒருத்தரும் இல்லை, கிணத்தடியிலை ஒருத்தரும் இல்லை. நான் பாத்திட்டன்."

ஒன்றும் கேட்கவில்லை.

"நான்தான் அண்டைக்குச் செருமினனான். எனக்கு முட்டிப்போச்சு, அண்ணை. எனக்கு அடக்கத் தெரியேல்லை. அம்மாட்டைச் சொல்லேல்லை. ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. என்னை என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. இவன் பாவம். இவனுக்கு முட்டிக்கொண்டு நிக்குது. வெளியிலை வாங்கோ அண்ணை, இவன் போகட்டும்."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு உள்பக்கமாகத் திறந்தது. காற்று இல்லை. உள்ளே வெறும் கோப்பையும் வாளியும்தான் இருந்தன, நான் வேறொன்றையும் காணவில்லை. ஆனால் யதுசன் தேசிமரத்தடியில் ஒரு அடி பின்னுக்கு நகர்ந்து வழி விட்டான். யாரையும் பார்க்காத என் பிள்ளையின் கண் யாரையோ பார்த்தது. கதவிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து வீட்டு மூலை, அங்கிருந்து படலை, மெதுவாக அவன் கழுத்து திரும்பிக்கொண்டே போயிற்று. படலையடியில் கொஞ்சநேரம் நின்றது. பிறகு அட்டைநாடாவைப் பார்த்தான், கதவுப் படத்தைத் தொட்டான், என்னைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

நான் வெளியே நின்றேன். காற்சட்டை இழுபடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சநேரத்தில் மூத்திரம் கோப்பையில் விழுகிற சத்தம். உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்லை. பிறகு நீண்ட மௌனம். குந்தியிருக்கிறானா, விழுந்துவிட்டானா, உள்ளே தனியாகத்தான் இருக்கிறானா என்று காதைத் தகரத்தில் வைத்துக் கேட்டேன். கதவைத் திறக்கக் கூடாது என்று தனுசியா சொல்லியிருந்தாள். என்னை அறியாமல், பழக்கத்தில், செருமிவிட்டேன்.

உள்ளிருந்து அவன் பதிலுக்குச் செருமினான்.

சின்னச் செருமல், என் பிள்ளையின் தொண்டைதான். ஏழு வருடத்தில் நான் கேட்டதற்கு அவன் தந்த முதல் பதில். சந்தோசத்தில் கத்தியிருக்க வேண்டும். ஆனால் அண்ணையும் அன்றைக்கு இப்படித்தான் பதிலுக்குச் செருமினார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்து, அவன் வெளியே வருகிறவரை படலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தைமாதத்தில் இருந்து அவன் பள்ளிக்கூடம் போகிறான். கொப்பியில் இப்போது நனைந்த நேரம் இல்லை. பின்வளவுக் கக்கூசுக்குப் புதிதாக, உள்பக்கம், பெரிய கொண்டி ஒன்று போட்டிருக்கிறோம். அதைப் போடவும் கழற்றவும் பழக்குகிறேன். செருமினால் பதில் சொல்லாமல் இருக்கவும் பழக்கிப் பார்க்கிறேன். அதுதான் அவனுக்குப் பழகுவதாக இல்லை. நானும் ஒவ்வொரு நாளும் படலையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.